ஸ்பூல் ரெக்கார்டரில் பிளேபேக் ஹெட்டைச் சரிசெய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் வட்டாரத்து வீடுகளின் பரண்களில் இன்னும் ஸ்பூல் ஒலிநாடாக்கள் கிடக்கின்றன. அம்மன் கொடையில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு, சாஸ்தா கோவில் செண்டை மேளம், கல்யாணக் கச்சேரி, சில வீடுகளில் காலமாகிவிட்ட ஒரு பாட்டியின் தாலாட்டு. இவற்றைக் கணினிக்கு மாற்ற நினைப்பவர்கள் பழைய ரெக்கார்டரைத் தூசி தட்டி எடுத்து, ஓடுகிறது என்றதும் உடனே பிரதி எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம் என்பதற்காகவே இந்தப் பக்கம். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பிளேபேக் ஹெட்டின் சாய்வை அந்தந்த நாடாவுக்கு ஏற்றபடி திருத்தாமல் எடுக்கும் பிரதியில், நாடாவில் இருப்பது முழுவதும் வந்து சேராது.

ஹெட்டைச் சரிசெய்வது என்றால் எதை மாற்றுகிறோம்?

பிளேபேக் ஹெட்டின் முகத்தில், நடுவே, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு செங்குத்துக் கீற்று இருக்கிறது. அதன் அகலம் சில மைக்ரான்கள்தான். நாடா அதை உரசிக்கொண்டு போகும்போது அந்தக் கீற்றுதான் ஒலியைப் படிக்கிறது. நாடா ஓடும் திசைக்கு அது மிகச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். இந்தப் பக்கச் சாய்வைத்தான் அசிமத் என்கிறோம்.

ஹெட்டுக்கு வேறு நான்கு நிலைகளும் உண்டு. ஹெட் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பது உயரம். முன்னோக்கியோ பின்னோக்கியோ சரிந்திருக்கிறதா என்பது செனித். கீற்று நாடாவின் அணைப்புக்கு நடுவில் இருக்கிறதா என்பது சுற்றணைப்பு. நாடாவுக்குள் எவ்வளவு முன்தள்ளி நிற்கிறது என்பது ஐந்தாவது. வீட்டில் இருப்பவர் தொட வேண்டியது அசிமத்தை மட்டுமே. மற்றவை தொழிற்சாலையில் வைத்தபடி இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

அவ்வளவு சிறிய சாய்வு ஒலியைக் கெடுக்குமா?

கெடுக்கும். கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும்.

நாடா நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடும்போது 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை நாடாவில் எடுத்துக்கொள்ளும் நீளம் வெறும் 0.019 மி.மீ. கீற்று சாய்ந்திருந்தால் தடத்தின் (ஒரு பதிவு நாடாவில் பிடிக்கும் பட்டையின்) மேல்விளிம்பில் அலையின் ஒரு பகுதியையும் கீழ்விளிம்பில் வேறொரு பகுதியையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. அந்த வேறுபாடு சரியாக ஓர் அலைநீளமாகும்போது தடத்தின் அகலம் முழுவதிலும் படிப்பவை ஒன்றையொன்று முற்றிலும் அழித்துவிடுகின்றன. நாடாவின் முழு அகலத்திலும், அதாவது சுமார் 6.3 மி.மீ. அகலத்தில் பதிந்த மோனோ நாடாவுக்கு இது நிகழத் தேவையான சாய்வு ஏறக்குறைய 0.17 டிகிரிதான். நாடாவை இரண்டாகப் பிரித்துப் பதியும் அரைத்தடத்தில் அரை டிகிரி. நான்காகப் பிரித்துப் பதியும் கால்தடத்தில், தடம் 1 மி.மீ. அகலம் என்பதால், ஒரு டிகிரிக்குச் சற்று மேல். வேகத்தை நொடிக்கு 9.5 செ.மீ. ஆக்கினால் இந்த எண்கள் எல்லாம் பாதியாகக் குறைந்துவிடும். வீட்டுப் பதிவுகளில் நாடாவை மிச்சப்படுத்த 9.5-இல் ஓடவிட்டவர்களே அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

கால்தட ஸ்டீரியோவில் ஒலி முற்றிலும் அழியாவிட்டாலும் இன்னொரு கேடு உண்டு. முதல் தடத்துக்கும் மூன்றாம் தடத்துக்கும் நடுத்தூரம் சுமார் 3.4 மி.மீ. ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே 19 செ.மீ. வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸில் இரு சானல்களும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அலை விலகி நிற்கும். இரண்டையும் சேர்த்து மோனோவாக்கும்போது குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும்.

பிரதி எடுத்த பிறகு மென்பொருளில் திருத்திக்கொள்ள முடியாதா?

இரண்டு சானல்களுக்கு இடையே உள்ள நேர வேறுபாட்டை மென்பொருள் திருத்தும். ஒரே தடத்துக்குள்ளே, கீற்றிலேயே அழிந்துவிட்ட ஒலி கணினிக்கு வந்து சேரவே இல்லை. இல்லாததைத் திருத்த முடியாது. ட்ரெபிளை ஏற்றினால் சீறல் மட்டுமே ஏறும்.

இதற்கு மாறாக, ஈக்வலைசேஷன் (அலைவரிசைகளின் அளவை ஈடுசெய்யும் அமைப்பு) தவறாக இருந்தால் பின்னால் திருத்த முடியும். 19 செ.மீ. வேகத்தில் ஐ.இ.சி. என்ற தரநிலைக்கு 70 மைக்ரோநொடி, என்.ஏ.பி. என்ற தரநிலைக்கு 50 மைக்ரோநொடி. ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிட்டால் உயர் அலைவரிசையில் ஏற்படும் பிழை 3 டெசிபலுக்குள் அடங்கும். அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு அசிமத்தை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

திருப்புளியை எடுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சுத்தம். ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையே 5 மைக்ரான் கனத்துக்கு அழுக்கு இருந்தால், 19 செ.மீ. வேகத்தில் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 14 டெசிபல் இழப்பு ஏற்படும். அந்த அழுக்கை வைத்துக்கொண்டு சாய்வைத் திருத்துவது வீண்வேலை. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஹெட்கள், வழிகாட்டிகள், நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு எல்லாவற்றையும் பழுப்பு நிறம் வராத வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அதிகம் பயன்படுத்த வேண்டாம். சற்றே நனைந்த துணி போதும்.

அடுத்தது காந்தம் நீக்குதல். ரெக்கார்டரை அணைத்துவிட்டு, நாடாக்கள் அனைத்தையும் அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். காந்தநீக்கியை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்து இயக்கி, மெதுவாக அருகே கொண்டுபோய், ஹெட்டை ஒட்டி நகர்த்தி, அதே மெதுவோடு ஒரு மீட்டர் விலகிய பிறகே அணைக்க வேண்டும். அருகில் இருக்கும்போது அணைத்துவிட்டால் ஹெட் முன்பைவிட மோசமாகக் காந்தமேறிவிடும். திருப்புளியும் காந்தமற்றதாக, பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கட்டும்.

ரெக்கார்ட் பொத்தான் தவறுதலாகக்கூட அழுந்தாதபடி செய்துவிடுங்கள். முடிந்தால் அழிக்கும் ஹெட்டின் இணைப்பைக் கழற்றி வைப்பது இன்னும் நல்லது.

சாரல் காலத்தில் இந்த வேலையைச் செய்யலாமா?

நாடா நல்ல நிலையில் இருந்தால் செய்யலாம். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பக்கத்து வீடுகளில் துணியே உலராது. நாடா எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். ஓடும்போது கீச்சென்று ஒலித்தாலோ ஹெட்டில் பிசின்போல் படிந்தாலோ உடனே நிறுத்துங்கள். 1970-களின் நடுப்பகுதி முதல் வந்த, பின்புறப் பூச்சுள்ள சில பாலியெஸ்டர் நாடாக்களில் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடுவது தெரிந்த நோய். அதற்குக் கட்டுப்பாடான சுமார் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மணிக்கணக்காக வைத்து உலர்த்தும் வைத்தியம் உண்டு. சமையலறை அடுப்பில் அதை முயலக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே ஒளி தெரியும் பழைய அசிடேட் நாடாவுக்கு இந்த வைத்தியமே கூடாது.

எந்தத் திருகைத் திருப்புவது? எவ்வளவு?

ஹெட் நிற்கும் தகட்டில், ஹெட்டின் ஒரு பக்கத்தில், அடியில் சுருள்வில் வைத்த ஒரு திருகு இருக்கும். கேசட் காலத்தில் சிறு துளை வழியாகத் திருப்பிய அதே வகைத் திருகுதான். பெரும்பாலும் அதன்மேல் நிறப்பூச்சால் முத்திரை வைத்திருப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட திருகுகள் இருந்தால் அவற்றில் உயரத்துக்கும் செனித்துக்கும் உரியவை இருக்கலாம். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள். ரெவாக்ஸ், அக்காய், சோனி, குருண்டிக், பிலிப்ஸ் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

திருப்புமுன் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்குத் தகட்டில் ஒரு கோடும் இழுத்துவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, 3 மி.மீ. திருகின் ஒரு முழுச் சுற்று அரை மி.மீ. நகரும். ஹெட்டின் சுழல்புள்ளியிலிருந்து திருகு 10 மி.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், கால் சுற்றே 0.7 டிகிரி. மேலே சொன்ன 0.17 டிகிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணிமுள் ஒரு நிமிடத்தில் நகர்வதுபோல், நகர்ந்ததா என்று ஐயப்படும் அளவுக்குத்தான் திருப்ப வேண்டும்.

சோதனை நாடா கட்டாயம் வேண்டுமா?

இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரெக்கார்டரை உலகப் பொது அளவுக்குக் கொண்டுவர வேண்டுமானால், அளவறிந்த ஒலிகளைச் சரியான கோணத்தில் பதிந்த சோதனை நாடா வேண்டும். கையில் இருக்கும் ஒரு பழைய நாடாவைச் சரியாகப் படிக்க வேண்டுமானால், அந்த நாடாவே அளவுகோல். வீட்டுப் பதிவுகளை மாற்றுகிறவர்களுக்குத் தேவைப்படுவது இரண்டாவது வேலை.

சோதனை நாடா இருந்தால் எப்படிச் செய்வது?

அமெரிக்காவின் எம்.ஆர்.எல். நிறுவனத்து நாடாக்கள் பெயர்பெற்றவை. முழுத்தடமாகப் பதிந்தவை என்பதால் எந்த வகை ஹெட்டுக்கும் பொருந்தும். ஆனால் அதே காரணத்தால் குறுகிய தடமுள்ள ஹெட்டில் கீழ் அலைவரிசைகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து பாஸைக் குறைத்துவிட வேண்டாம்.

முதலில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு அளவு உச்சமாகும்வரை மெதுவாகத் திருப்புங்கள். அடுத்து 10 கிலோஹெர்ட்ஸ், கிடைத்தால் 15 அல்லது 16. இந்த வரிசை முக்கியம். உயர் அலைவரிசையிலேயே தொடங்கினால் உண்மையான உச்சத்துக்கு இருபுறமும் உள்ள போலி உச்சங்களில் ஒன்றில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் போலி உச்சம் உண்மையானதைவிடச் சுமார் 13 டெசிபல் தாழ்ந்தது. இருந்தாலும் உண்மையானதைப் பார்க்காதவருக்கு அதுவே உச்சமாகத் தோன்றும்.

ஸ்டீரியோ ஹெட்டில் அளவைவிட ஃபேஸே, அதாவது இரு சானல்களின் அலைகளும் ஒத்து வருகின்றனவா என்பதே, கூர்மையான சாட்சி. அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஒரு சானலைக் கிடைமட்டத்துக்கும் மற்றொன்றைச் செங்குத்துக்கும் கொடுங்கள். 45 டிகிரியில் வலப்பக்கம் சாய்ந்த நேர்கோடு வந்தால் இரண்டும் ஒத்திருக்கின்றன. வட்டமானால் 90 டிகிரி விலகல், எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடானால் 180. இங்கேயும் 1 கிலோஹெர்ட்ஸில் கோட்டைப் பிடித்த பிறகே மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு முழு அலை தள்ளி நின்றுகொண்டே நேர்கோடு காட்டும். ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் கணினியின் ஒலி உள்ளீட்டையும் அதே படத்தைக் காட்டும் இலவச மென்பொருளையும் பயன்படுத்தலாம்.

சோதனை நாடாவை வேகமாகச் சுற்றி வைக்காதீர்கள். ஓடி முடிந்த நிலையிலேயே, கடைசி முனை வெளியே இருக்கும்படி வையுங்கள்.

சோதனை நாடா இல்லை. காதை மட்டும் நம்பலாமா?

நம்பலாம், எதைக் கேட்பது என்று தெரிந்தால்.

நம் வட்டாரத்து நாடாக்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வில்லுப்பாட்டில் வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் குலுங்கும் ஒலியும் ஜால்ராவும், செண்டை மேளத்தில் இலைத்தாளமும், உயர் அலைவரிசை நிரம்பியவை. இவை தெளிவாகக் கேட்கும் ஓர் அரை நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். குடத்தின் கும்மென்ற ஒலி இதற்கு உதவாது. 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் 9.5 செ.மீ. வேகத்தில்கூட ஒரு மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும். ஹெட் எவ்வளவு கோணலாக இருந்தாலும் குடம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். 'ஓடுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது' என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

ஸ்டீரியோ நாடாவானால் இரு சானல்களையும் கூட்டி மோனோவாக்கிக் கேளுங்கள். திருகை இடமும் வலமும் மெல்ல ஆட்டும்போது மணிகள் ஓரிடத்தில் முன்னே வந்து நிற்கும். அந்த இடத்தைக் கடந்துபோய், மீண்டும் திரும்பி வந்து, இரு பக்கமும் மங்கும் இடங்களுக்கு நடுவே நிறுத்துங்கள். கூடவே அலைமாலையை (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்ற படத்தை) நேரடியாகக் காட்டும் மென்பொருளில் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தால் காதும் கண்ணும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

முழுத்தட மோனோ நாடாவை ஸ்டீரியோ ஹெட்டில் ஓட்டுகிறீர்களானால் இதைவிடக் கூர்மையான வழி உண்டு. இரு சானல்களின் அளவையும் சமமாக்கி, ஒன்றை மற்றொன்றிலிருந்து கழித்துக் கேளுங்கள். எந்த இடத்தில் ஒலி மிகமிகக் குறைகிறதோ அதுவே சரியான சாய்வு. உச்சத்தைவிடப் பள்ளத்தைக் கண்டுபிடிப்பது காதுக்கு எளிது.

பேச்சு மட்டுமே உள்ள நாடாவில் 'ச', 'ஸ' எழுத்துகளைக் கவனியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நாடாவின் சொந்தச் சீறலைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது தடத்தின் அகலம் முழுவதும் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பதால் சாய்வை மாற்றினாலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். சீறல் பளிச்சென்று கேட்பதும் ஒலி பளிச்சென்று வருவதும் வேறு வேறு.

ஒரு முறை சரிசெய்தால் எல்லா ஸ்பூல்களுக்கும் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்களானால் இதைப் படியுங்கள்.

ஒலிப்பதிவு செய்த ரெக்கார்டரின் ஹெட் எந்தக் கோணத்தில் இருந்ததோ, அந்தக் கோணம் நாடாவில் எழுதப்பட்டுவிட்டது. அது கோணலாக இருந்திருந்தால், இன்று மிகச் சரியாக 90 டிகிரியில் நிற்கும் உங்கள் ஹெட்தான் அந்த நாடாவுக்குத் தவறானது. உலகத்துக்குச் சரியானதை விட்டு அந்த நாடாவுக்குச் சரியானதற்கு நகர வேண்டும். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாசா வெளியிட்ட டி.சி.-04 வழிகாட்டியும் பதிவின் கோணத்துக்கு ஏற்ப ஹெட்டைத் திருத்தியே பிரதி எடுக்கச் சொல்கிறது.

நம் ஊர் ஸ்பூல்களில் இது இன்னும் சிக்கலாகும். செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். உறவும் வியாபாரமும் கணவாயின் இரு பக்கமும் பரவியிருக்கின்றன. ஸ்பூல்களும் அப்படியே இரு பக்கமும் போய்வந்தன. ஒரு பக்கத்தில் இங்குள்ள மாமா பதிந்த வில்லுப்பாட்டு, மறுபக்கத்தில் புனலூரில் வேறொரு ரெக்கார்டரில் பதிந்த கதாபிரசங்கம், மிச்சமிருந்த இடத்தில் பின்னொரு நாளில் வானொலியிலிருந்து எடுத்த கச்சேரி என்று ஒரே ஸ்பூலில் மூன்று ரெக்கார்டர்களின் கோணங்கள் இருக்கலாம். ஒலியின் தன்மை, பின்னணி முணுமுணுப்பு, அளவு ஆகியவற்றில் ஒன்று திடீரென்று மாறினால், அங்கே நிறுத்தி, சாய்வை மறுபடி பாருங்கள். அந்த இடத்திலிருந்து பிரதியைத் தனிக் கோப்பாகத் தொடருங்கள்.

நேரம் பிடிக்கும். ஆனால் இந்த நாடாக்கள் இன்னும் பல முறை ஓடித் தாங்கும் நிலையில் இல்லை. எத்தனையோ கொடைகளில் பாடிய புலவர்களின் குரலுக்கு இந்த ஒரு நாடாவைத் தவிர வேறு பதிவே இல்லாமல் இருக்கக்கூடும். அரை மணி நேரம் கூடுதலாகச் செலவிடத் தயங்காதீர்கள்.

பாட்டுக்குப் பின்னால் யாரோ தலைகீழாகப் பேசுவது கேட்கிறதே?

அது அசிமத் கோளாறு அல்ல. மறுபக்கத்துப் பதிவைத்தான் கேட்கிறீர்கள். அரைத்தட மோனோவாகப் பதிந்த நாடாவைக் கால்தட ஸ்டீரியோ ரெக்கார்டரில் ஓட்டினால் இடது சானல் சரியான பதிவைப் படிக்கும். வலது சானல் மறுபக்கத்தின் தடத்தில் கொஞ்சம் பட்டு, அதைப் பின்னோக்கிப் படிக்கும். இடது சானலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்தட நாடாவைக் கால்தட ரெக்கார்டரிலேயே ஓட்டும்போதும் அப்படிக் கேட்டால் ஹெட்டின் உயரம் தவறியிருக்கிறது. உயரத்தைத் தொட்டால் அசிமத்தும் கலையும். இரண்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கும். அதைப் பழகிய கையிடம் விடுவது நல்லது.

வளைகுடாவிலிருந்து வந்த ரெக்கார்டரில் எல்லாமே மெதுவாக ஓடுகிறது. ஹெட் காரணமா?

இல்லை, மின்சாரம். சவூதி அரேபியாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இங்கும் வளைகுடாவின் மற்ற நாடுகளிலும் 50. மின்சார அலைவரிசையை நம்பிச் சுழலும் மோட்டார், 60-க்கு அமைத்தபடியே இங்கே ஓடினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். பல ஜப்பானிய மாடல்களில் 50, 60 என்று மாற்ற வழி இருக்கிறது: கேப்ஸ்டனில் மாட்டும் உறை, அல்லது பெல்ட் ஓடும் கப்பியின் வேறொரு படி. ரெவாக்ஸ் ஏ77, பி77 போன்றவற்றில் மோட்டாரின் வேகத்தை மின்னணுச் சுற்றே கட்டுப்படுத்துவதால் இந்தச் சிக்கல் இல்லை. வேகத்தைச் சரிசெய்த பிறகே சாய்வுக்கு வாருங்கள்.

ரெக்கார்ட் ஹெட்டையும் திருத்த வேண்டுமா?

பழைய நாடாவைக் கேட்க மட்டுமே பயன்படுத்துகிறீர்களானால் தேவையில்லை. புதிதாகப் பதிவும் செய்ய வேண்டுமென்றால், முதலில் பிளேபேக் ஹெட்டைச் சோதனை நாடாவில் நிறுத்தி, பிறகு வெற்று நாடாவில் 10 கிலோஹெர்ட்ஸைப் பதிந்துகொண்டே பிளேபேக்கில் கேட்டு ரெக்கார்ட் ஹெட்டைத் திருத்துங்கள். வரிசை மாறக் கூடாது. பதிவுக்கும் கேட்பதற்கும் ஒரே ஹெட் உள்ள ரெக்கார்டரில் இந்தக் கேள்வியே எழாது.

எவ்வளவு திருப்பியும் மணியொலி வரவில்லை. ஏன்?

ஹெட் தேய்ந்திருக்கலாம். முகத்தில் நாடாவின் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் தேய்மானம் உண்டு. தேய்மானத் தடம் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால் செனித் தவறியிருக்கிறது.

நாடா கீற்றின்மேல் சரியாக அணைகிறதா என்று பார்க்க, ஹெட்டின் முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, வேண்டாத நாடா ஒன்றைச் சற்று நேரம் ஓட்டுங்கள். மை அழிந்த பகுதியின் நடுவே கீற்று இருக்க வேண்டும். மையைப் பிறகு ஆல்கஹாலில் துடைத்துவிடலாம். நாடாவே மடங்கிச் சுருண்டு ஹெட்டில் படியாமல் போவதும் உண்டு. பழைய அசிடேட் நாடாக்களில் இது அதிகம். இழுவிசை குறைந்த ரெக்கார்டரிலும் இதே விளைவுதான்.

சில பதிவுகளில் மேல் அலைவரிசை பதியவே இல்லை. மலிவான மைக்கில், 4.75 செ.மீ. வேகத்தில் எடுத்ததில் மணியைத் தேடிப் பயனில்லை.

வேலை முடிந்ததும் திருகைப் பூட்ட வேண்டுமா?

நாடாவுக்கு நாடா திருப்பப் போகிறீர்கள் என்பதால் இப்போது வேண்டாம். எல்லா ஸ்பூல்களும் முடிந்த பிறகு, சோதனை நாடா கிடைத்தால் அதில் நிறுத்தி, இல்லாவிட்டால் தொடக்கத்தில் இழுத்த கோட்டுக்கே திருகைக் கொண்டுவந்து, தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். ஹெட்டின் முகத்தில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.